மைனஸ் 38 நிமிடம்: ரங்கூன் வீட்டில் ஒரு கடிகார டிரைவர்

கரண்ட் போவதற்கு 38 நிமிடம் முன்பே கரண்ட் வந்துவிட்டது. என் பெட்டி எழுதி வைத்த கணக்கு அப்படித்தான் சொன்னது.

வீடு ரங்கூன் டவுனில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஆறாவது மாடி. கரண்ட் முறை வைத்து வரும், முறை தவறியும் வரும். வந்ததும் தெருவே "மீ லாபீ" (கரண்ட் வந்துடுச்சு) என்று கத்தும். அத்தை இட்லி மாவு அரைத்து விற்கிறார். கிரைண்டர் பாதியில் நின்றால் அன்றைய உளுந்து போச்சு. எந்தக் கிழமை எந்த நேரத்தில் போகிறது என்று ஒரு மாதத்துக்குக் கணக்கு எடுத்தால் அவருக்கு உதவுமே என்றுதான் தொடங்கினேன். சும்மா கிடந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியை எடுத்து, இன்வெர்ட்டரில் மாட்டாமல் நேரே சுவர் பிளக்கில் மாட்டினேன். கரண்ட் போனால் இதுவும் சாக வேண்டும், அதுதான் இதன் வேலை. நிமிடத்துக்கு ஒருமுறை "இப்போது மணி இது" என்று ஒரு கோப்பில் எழுதும். மறுபடி உயிர் வந்ததும், கடைசியாக எழுதிய நேரத்தை இப்போதைய நேரத்திலிருந்து கழித்தால் கரண்ட் இல்லாத நேரம் வந்துவிடும். இருபது வரி நிரல், அரை மணி நேர வேலை.

முதல் நாளே மைனஸ் 38.

காரணம் எளிது. பை 4-இல் மின்கலம் வைத்த கடிகாரம் கிடையாது (பை 5-இல் கடிகாரம் உண்டு, மின்கலம் தனி). அதற்குப் பதிலாக ஃபேக் எச்டபிள்யூ கிளாக் என்ற சிறு ஏற்பாடு, மணிக்கு ஒருமுறையும் முறையாக அணைக்கும்போதும் நேரத்தை வட்டில் குறித்து வைக்கிறது. பூட் ஆகும்போது, அதாவது கணினி எழும்போது, அந்தக் குறிப்பிலிருந்து ஓடத் தொடங்கும். கரண்ட் திடீரென்று போனால் முறையாக அணைப்பது ஏது? கடைசிக் குறிப்புக்கு 38 நிமிடம் கழித்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான். நெட் வந்தால் சரியாகிவிடும், உண்மை. ஆனால் எங்கள் தெருவில் கரண்ட் வந்து நெட் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

அதனால் டிஎஸ்3231 கடிகாரச் சிப் வைத்த ஒரு மலிவு பலகை வாங்கினேன். கொண்டுவந்த பையன் ஆறு மாடி ஏறவில்லை. பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்று கிளிப்பில் பொட்டலத்தை மாட்டிவிட்டு மணியை ஆட்டினான், நான் மேலே இழுத்துக்கொண்டேன்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது இரண்டு. 5 வோல்ட் கொடுக்கக் கூடாது, 3.3 மட்டும். பலகையில் உள்ள இழுப்பு ரெசிஸ்டர்கள், சிப்பும் பையும் பேசிக்கொள்ளும் ஐ2சி கம்பிகளையும் அதே மின்னழுத்தத்துக்கு இழுத்துவிடும், பையின் பின்கள் அதைத் தாங்காது. இன்னொன்று, இந்த மலிவுப் பலகைகளில் மின்கலத்துக்குச் சார்ஜ் ஏற்றும் ஒரு டையோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் இருக்கும். சார்ஜ் ஆகும் எல்ஐஆர்2032-க்காக வைத்தது அது. கடையில் கிடைப்பதோ சார்ஜ் ஏற்றக் கூடாத சிஆர்2032. நான் ரெசிஸ்டரை எடுத்தே விட்டேன். பேன் எடுக்கும் சீப்பு அளவுகூட இல்லாத பலகையில் இக்குணூண்டு ரெசிஸ்டர், என் சால்டரிங் அயர்னோ முருங்கைக்காய் பருமன். பக்கத்து டையோடும் சேர்ந்து வந்துவிட்டது. பரவாயில்லை, அதுவும் வேண்டாததுதான்.

ஐ2சி முகவரிகளைத் தேடினால் 68 தெரிந்தது, கடிகாரம். 57-உம் தெரிந்தது, அதே பலகையிலுள்ள சிறு நினைவகம். இந்தச் சிப் மாட்டியிருக்கிறது என்று பைக்குச் சொல்லும் ஓவர்லே வரியைக் கான்ஃபிக் கோப்பில் சேர்த்து மறுபடி பூட் செய்ததும் 68 இருந்த இடத்தில் யு யு. கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) டிரைவர், அதாவது சிப்போடு பேசும் நிரல், அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். டிரைவரின் பெயர் ஆர்டிசி-டிஎஸ்1307. பெயர் ஒரு பழைய சிப்பினுடையது, அதற்குள் இந்தக் குடும்பத்துச் சிப்கள் ஏகப்பட்டவை குடியிருக்கின்றன.

நேரத்தை எழுதினேன். இரவு கரண்ட் போய் வந்தது. காலையில் பார்த்தால் 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1.

இதில்தான் இரண்டு நாள் போனது. கடிகாரத்தை ஓட்டும் துடிப்பைத் தரும் ஆசிலேட்டர் ஒருமுறை நின்றுவிட்டால், சிப்பின் 0எஃப் ரிஜிஸ்டர் என்ற சிறு நினைவிடத்தின் உச்சி பிட் 1 ஆகி அதைச் சொல்லும். டிரைவர் ஏறும்போது அந்தப் பிட்டைப் பார்க்கிறது, "நேரத்தை வை" என்று ஒரு வரி எச்சரிக்கை எழுதுகிறது, பிட்டை அழித்துவிடுகிறது. அடுத்த பூட்டில் எச்சரிக்கை இல்லை, ஆனால் நேரம் அதே பொய் நேரம். நான் இரண்டாவது பூட்டின் பதிவை மட்டும் பார்த்துவிட்டு டிரைவரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். முதல் பூட்டின் பதிவைத் தோண்டியதும் தெரிந்தது. மல்டிமீட்டரை வைத்தால் மின்கலத்தில் 1.9 வோல்ட். பலகையோடு வந்த மின்கலம், எத்தனை வருடம் கிடந்ததோ. புதிதாக ஒன்று போட்டதும் சரி.

எனக்கு இந்தப் பிட்டை அழிக்கும் பழக்கம் பிடிக்கவில்லை. அப்புறம்தான், நாமே ஒரு டிரைவர் எழுதிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. லினக்ஸ் மூலத்துக்கு அனுப்பும் எண்ணமெல்லாம் இல்லை, இருக்கும் டிரைவர் போதும். கற்றுக்கொள்ள மட்டும். கெர்னலில் தனியாக ஏற்றிக்கொள்ளும் துண்டுதான் மாட்யூல், என்னுடையதற்கு நாழிகை என்று பெயர் வைத்தேன். இங்கே பர்மியர்கள் கடிகாரத்தை நாயீ என்பார்கள், காதுக்கு அதுவும் பக்கத்தில்தான் இருக்கிறது.

முதல் ஏற்றத்திலேயே ஊப்ஸ், அதாவது கெர்னலின் தடுமாற்றச் செய்தி. பூஜ்ய முகவரியைத் தொட்டிருக்கிறேன். சிப்பைக் கண்டதும் ஓடும் புரோப் செயல்கூறில் என் தரவுக்கு இடம் ஒதுக்கினேன், ஆனால் அதைச் சாதனத்தோடு கட்டி வைக்கும் ஒரு வரியை விட்டுவிட்டேன். படிக்கும் செயல்கூறு கேட்டபோது கிடைத்தது வெறும் பூஜ்யம். ஊப்ஸ் செய்தி பயமுறுத்துமே தவிர, எந்தச் செயல்கூறில் எத்தனையாவது பைட்டில் விழுந்தோம் என்று தெளிவாகவே சொல்லிவிடுகிறது. பத்து நிமிடத்தில் தீர்ந்தது.

அடுத்தது மாதம். மே மாதத்தில் ஜூன் காட்டியது. சிப்பில் மாதம் 1 முதல் 12 வரை, கெர்னலின் அமைப்பில் 0 முதல் 11 வரை. ஒன்றைக் கழிக்காமல் விட்டேன். இது எல்லாரும் ஒருமுறை விழும் பள்ளம்.

மூன்றாவதுதான் பிழை என்றால் பிழை. நேரத்தைப் படித்தால் சிலசமயம் சரி, சிலசமயம் "தவறான மதிப்பு" என்று திரும்பிவிடும். கம்பி லூசு என்று நினைத்துக் கம்பியை மாற்றினேன். பிறகு ஐ2சி வேகத்தைக் குறைத்தேன். அதே கதை. கடைசியில் நொடிக்கு ஒருமுறை படித்து வரிசையாக எழுத வைத்தேன். 7, 8, 9, அடுத்தது 16. அங்கிருந்து 25 வரை ஒழுங்காகப் போய் 32-க்குத் தாவியது. 41-இலிருந்து 48-க்கு. 57 வரை வந்து, பிறகு இருபது நொடிக்குப் பிழை. மறுபடி 0.

பார்த்ததும் சிரித்துவிட்டேன். இந்தச் சிப் எண்களைப் பி.சி.டி. முறையில் வைக்கிறது: பத்தாவது நொடியில் மேல் நாலு பிட்டில் 1, கீழ் நாலு பிட்டில் 0. அதை அப்படியே ஒரே எண்ணாகப் படித்தால் 16. நிமிடம், மணி, தேதி எல்லாவற்றுக்கும் மாற்றும் செயல்கூறைப் போட்டிருந்தேன். நொடிக்கு மட்டும் உச்சி பிட்டை வெட்டிவிட்டு, மாற்ற மறந்திருக்கிறேன். நாற்பதாவது நொடி 64 ஆகிவிடும். அறுபதுக்கு மேல் நொடி ஏது என்று கெர்னலின் கடிகாரப் பகுதி திருப்பி அனுப்புகிறது. ஒவ்வொரு நிமிடத்திலும் கடைசி இருபது நொடி மட்டும் கெடும் கம்பி உலகத்தில் கிடையாது என்று முதலிலேயே யோசித்திருக்கலாம்.

ஆசிலேட்டர் பிட்டை என் டிரைவர் அழிப்பதில்லை. அது 1 ஆக இருக்கும்வரை நேரம் கேட்டால் பிழைதான் தரும். புதிதாக நேரம் எழுதினால்தான் அழியும். 2000 ஜனவரி என்று நம்பவைப்பதைவிட இது மேல்.

இதற்கிடையே ஒரு பெருமையும் போனது. சிப்பின் துல்லியம் 0 முதல் 40 டிகிரி வரை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு), ஆண்டுக்கு ஒரு நிமிடம் போலத்தான் தவறலாம். பத்து நாள் கழித்து நெட் நேரத்தோடு ஒப்பிட்டேன். ஒரு நொடிகூட வித்தியாசம் இல்லை! ஒரு நாள் முழுக்க எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நெட்டோடு நேரம் ஒத்துப்போயிருக்கும்வரை கெர்னலே 11 நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரச் சிப்பில் நேரத்தை எழுதிவிடும் என்று பிறகுதான் படித்தேன். நான் சோதித்தது சிப்பை அல்ல, நெட்டை.

கடைசியாகக் கெர்னலையே மூல நிரலிலிருந்து கட்டியது. என் பதிவு நிரல் பூட்டில் மிகச் சீக்கிரம் எழுந்துவிடுகிறது, அதற்குப் பிறகுதான் கடிகார மாட்யூல் ஏறுகிறது. முதல் வரி மட்டும் பழைய நேரத்திலேயே விழுந்தது. அதனால் டிஎஸ்1307 டிரைவரை மாட்யூலாக இல்லாமல் கெர்னலுக்குள்ளேயே வைத்து, பூட்டிலேயே கணினி நேரத்தை அதிலிருந்து எடுக்கும் தேர்வையும் போட்டுக் கட்டினேன். பை 4-இலேயே கட்டினால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். பாதியில் கரண்ட் போனது. மறுபடி தொடங்கினால் விட்ட இடத்திலிருந்து போகும் என்று பார்த்தால், இணைக்கும்போது ஒரு கோப்பின் வடிவம் புரியவில்லை என்கிறது. கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் கோப்புகள் (கட்டும்போது உருவாகும் இடைக்கோப்புகள்) பூஜ்ய பைட்டில் கிடந்தன. அவற்றைத் தேடி அழித்துவிட்டு, இந்த ஒரு வேலைக்கு மட்டும் பையை இன்வெர்ட்டரில் மாட்டினேன். மின்விசிறி இல்லாமல் படுத்த அத்தை, "உன் பெட்டிக்குக் காத்து வேணும், எனக்கு வேணாமாடா?" என்றார்.

கட்டி முடித்துப் பூட் செய்தால் எதுவுமே மாறவில்லை. கடிகார டிரைவரை உள்ளே வைத்தேன், அந்தச் சிப்புக்குப் போகும் ஐ2சி பாதையின் டிரைவர் இன்னும் மாட்யூல். பாலம் போடாமல் பஸ் விட்ட கதை. அதையும் உள்ளே வைத்து மறுபடி கட்டினேன், இந்த முறை கொஞ்ச நேரம்தான்.

நண்பன் ஒருவன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "மச்சான், உன் நிரலைப் பத்து நொடி தூங்கிட்டு எழுந்திருக்கச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே" என்றான். முடிந்திருக்கும்.

டிஎஸ்3231 தன் வெப்பத்தைத் தானே 64 நொடிக்கு ஒருமுறை அளந்துகொள்கிறது, கால் டிகிரி நுணுக்கத்தில். டிரைவர் அதையும் வெளியே காட்டுகிறது, அதனால் பதிவில் ஒரு பத்தியாகச் சேர்த்தேன். நேற்றைய வரி: போனது இரவு 1.12, வந்தது 5.03, பெட்டிக்குள் 33.75 டிகிரி. அத்தை உளுந்தை நாலரைக்கே ஊற வைத்துவிட்டார்.