கடக்நாத் கோழியும் ஜிஎஸ்டி எண்ணும்: ஒரு வெளிநாட்டுக் கருத்தரங்க அனுபவம்

வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போய்வந்த செலவுப் பணம் போன வாரம் கணக்கில் ஏறிவிட்டது. அதனால்தான் எழுதத் துணிகிறேன். ஃபைல் நடுவழியில் நிற்கும்போது எழுதி, அது யார் கண்ணிலாவது பட்டிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் அங்கேயே நின்றிருக்கும்.

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம், முதுகெலும்பிகளின் மரபியலுக்கும் ஜீனோம் (ஓர் உயிரின் முழு மரபுத் தொகுப்பு) ஆய்வுக்கும் என்றே தொடர்ந்து ஒரு கருத்தரங்கம் நடத்தி வருகிறது. ஆயிரக்கணக்கில் கூடும் மாநாடு இல்லை. ஒரே அரங்கு, ஒரே வரிசையில் பேச்சுகள், மாலையில் போஸ்டர். கால்நடை மருத்துவத்தில் பிஎச்.டி. செய்யும் எனக்கு அங்கே ஒரு போஸ்டர், அதாவது ஆய்வைப் பலகையில் ஒட்டி விளக்கும் வாய்ப்பு, கிடைத்தது. அப்ஸ்ட்ராக்ட் என்ற ஆய்வுச் சுருக்கத்தை அனுப்பியதும் ஏற்றுக்கொண்டு பதில் வந்ததும் சிக்கலே இல்லாமல் முடிந்தன. அறிவியல் பக்கம் அத்தோடு சரி. மற்றதெல்லாம் இங்கே, நம் வராந்தாக்களில் நடந்தது.

என் வேலை கடக்நாத் கோழியில். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாப் பகுதிக் கோழி, 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் ஊர்ப் பண்ணைகளில் ‘கருங்கோழி’ என்று நல்ல விலைக்கு விற்கிறார்கள். தோல், எலும்பு, குடல் வரை கருப்பு. காரணம் 20ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அங்கே இரண்டு துண்டுகள் இரட்டித்து, ஒன்று தலைகீழாகத் திரும்பி ஒட்டியிருக்கிறது. இரட்டித்த துண்டில் ஈடிஎன்3 என்ற மரபணு உண்டு. அது கூடுதலாக வேலை செய்வதால் நிறமி செல்கள் கருவிலேயே பெருகி, போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போய்க் குடியேறுகின்றன. துண்டுகள் ஒட்டிய அந்தத் ‘தையல்’ இருக்கும் இடம் சாதாரணக் கோழியில் கிடையாது. அதைப் பிசிஆரில் (டிஎன்ஏவின் ஒரு துண்டை மட்டும் பல மடங்கு பெருக்கிக் காட்டும் சோதனை) பிடித்து, கூடவே எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணினால், கலப்பா அசலா என்று ஓரளவு சொல்லிவிடலாம். பறவைகளின் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு என்பதால் இறக்கையின் ரத்தக் குழாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் போதும், டிஎன்ஏ தாராளமாகக் கிடைக்கும். விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி முன்பே கையில் இருந்தது.

முதல் முட்டுக்கட்டை அப்ஸ்ட்ராக்டில் இருந்த ‘இந்திய நாட்டு இனம்’ என்ற இரண்டு மூன்று சொற்களால் வந்தது. வெளிநாடு போக அனுமதி கேட்டு வைத்த ஃபைலில், “தேசிய பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் பெறப்பட்டதா?” என்று யாரோ பென்சிலில் எழுதி, கையெழுத்து இல்லாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பென்சில் குறிப்புக்குப் பதில் சொல்வது மிகக் கஷ்டம். கேட்டவர் யார் என்றே தெரியாது.

தரமணியில் இருக்கும் ஆணையத்துக்கே போய்விடலாமா என்று யோசித்தேன். அதற்கு முன் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 4ஆம் பிரிவு, ஆராய்ச்சி முடிவுகளை வெளிநாட்டவருக்குக் கைமாற்றுவதற்கு முன் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதே பிரிவிலேயே விலக்கும் இருக்கிறது. மத்திய அரசின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டு ஆய்வுக் கட்டுரை வெளியிடுவதும், கருத்தரங்கில் அறிவைப் பகிர்வதும் அதில் வராது. அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, மஞ்சள் மார்க்கரில் கோடு போட்டு, என் கைடின் (ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர்) கையெழுத்தோடு ஒரு கடிதம் வைத்தேன். ஃபைல் நகர்ந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை, பென்சில் குறிப்பு மட்டும் ரப்பரால் அழிக்கப்பட்டிருந்தது. எனக்கு அது போதும்.

ஆனால் இந்த விலக்கு பேச்சுக்கும் போஸ்டருக்கும்தான். கருத்தரங்குக்கு முன் அங்கிருந்து ஒருவர் மின்னஞ்சலில், “வரும்போது கொஞ்சம் ரத்த மாதிரி எடுத்து வர முடியுமா?” என்று சாதாரணமாகக் கேட்டார். முடியாது என்று எழுதிவிட்டேன். மாதிரி நாட்டை விட்டுப் போவது வேறு கதை, அதற்கு இங்கே ஒப்புதல் வேண்டும். அங்கே இறங்கப் பறவைப் பொருளுக்கு வேளாண் துறையின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். பறவைக் காய்ச்சல் காலத்தில் இதில் விளையாடாதீர்கள். நட்புக்காகப் பெட்டியில் ஒரு சின்னக் குப்பி என்று யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

அடுத்தது பதிவுக் கட்டணம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

கருத்தரங்கின் தளத்தில் கிரெடிட் கார்டு தவிர வேறு வழியில்லை. எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் கிரெடிட் கார்டு என்ற ஒன்றே கிடையாது. வங்கி வழியாக அனுப்பலாம் என்றார்கள். அதற்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் வரி வசிப்பிடச் சான்று, இந்தியாவில் நிரந்தர அலுவலகம் இல்லை என்ற உறுதிமொழி, இன்னும் சில படிவங்கள் வேண்டும். சில நூறு டாலருக்கு இத்தனை காகிதம் கேட்டால் அங்கே இருப்பவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று கைடு தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் அவருடைய கார்டிலேயே கட்டினோம், அப்புறம் கிளெய்ம் செய்துகொள்ளலாம் என்று.

அந்த ‘அப்புறம்’ அக்கவுண்ட்ஸ் மேசையில் இப்படிப் போனது.

“ஜிஎஸ்டி நம்பர் இல்லாத பில்லை எப்படிம்மா பாஸ் பண்றது?”

“சார், அது அமெரிக்கப் பல்கலைக்கழகம்.”

“எந்த ஊரா இருந்தா என்ன? பில்லுன்னா நம்பர் இருக்கணும்ல.”

அவர் கேலி செய்யவில்லை, மனதார நம்பித்தான் கேட்டார். அவர் முன்னால் இருந்த திரையில் ஜிஎஸ்டி எண் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் திறக்காது. அதனால் அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. ஆனால் அந்தத் திரையை வடிவமைத்தவர் யாரோ, அவரை ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும்.

கருத்தரங்கின் அலுவலக உதவியாளருக்கு எழுதினேன். அங்கே விடிந்த கையோடு பதில் வந்துவிட்டது. லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம்: அவர்களுடைய வரி அடையாள எண், இந்தியாவில் ஜிஎஸ்டி பதிவு இல்லை என்ற ஒரு வரி, கட்டணம் யாருக்காக யார் கார்டில் கட்டப்பட்டது என்ற விவரம், கையெழுத்து. இந்தக் கடிதத்தைப் பணம் கட்டும்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரசீதில் உங்கள் பெயரும் உங்கள் நிறுவனத்தின் பெயரும் வரும்படி சொல்லுங்கள். கார்டு வைத்திருப்பவர் பெயர் மட்டும் வந்தால், “போனது நீங்க, பில் அவர் பேர்ல இருக்கே” என்று அடுத்த சுற்று தொடங்கும்.

கார்டில் எடுத்த ரூபாயும் பாஸ் ஆன ரூபாயும் ஒன்றில்லை. வங்கி 3.5 சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணம் எடுத்து, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போட்டது. அலுவலகமோ ரிசர்வ் வங்கியின் அன்றைய மதிப்பில் மட்டும் கணக்குப் பார்த்தது. வித்தியாசம் கைடின் தலையில். கார்டு ஸ்டேட்மென்ட்டில் அந்த வரிகளைத் தனியாகக் காட்டி, விண்ணப்பத்திலேயே ‘வங்கிக் கட்டணங்கள் உட்பட’ என்று எழுதியவர்களுக்குக் கிடைத்திருக்கிறதாம். எனக்கு இதைச் சொல்ல முன்பு யாரும் இல்லை.

விமான டிக்கெட்டும் கிட்டத்தட்ட இதே கதை. மத்திய அரசுப் பணத்தில் போவதென்றால் பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி இந்த மூன்று பயண முகவர்களில் ஒன்றின் வழியாகத்தான் எடுக்க வேண்டும், முடிந்தவரை 21 நாளுக்கு முன்பே எடுக்க வேண்டும் என்பது 2022 முதல் நடைமுறை. ஏர் இந்தியாவில்தான் போக வேண்டும் என்ற பழைய கட்டாயம் இப்போது இல்லை. இன்னும் அதைச் சொல்லும் மேசைகள் உண்டு, சுற்றறிக்கையைக் கையில் வைத்திருங்கள். விதி நல்ல விதிதான். ஆனால் விலைப்புள்ளி வாங்கி ஃபைலில் வைத்தால், அது கையெழுத்தாகித் திரும்புவதற்குள் கட்டணம் ஏறிவிடும். ஏறிய விலைக்குத் திரும்பவும் நோட் போட வேண்டும். ‘டிக்கெட் எடுக்கும் அன்றைய விலைப்படி’ என்று அனுமதியிலேயே எழுதி வாங்கினால் இந்த வட்டம் அறுபடும். எங்கள் பிரிவில் இருந்த ஒரு அக்கா அந்த ஒரு வரியைச் சேர்த்துக் கொடுத்தார். அவருக்குக் கோடிப் புண்ணியம்.

விசா நேர்காணல் சட்டென்று முடிந்தது. “கோழி ஏன் கருப்பு?” என்று அதிகாரி கேட்டார், சொன்னேன், சிரித்தார்.

போஸ்டரைத் துணியில் அச்சடியுங்கள். குழாயில் சுருட்டிய காகிதப் போஸ்டரைக் கைப்பையாக ஏற்ற மறுக்கும் விமானங்கள் உண்டு. துணியை மடித்துச் சேலைக்கு நடுவே வைத்துவிடலாம். ஃப்ளெக்ஸ் கடையில் கோப்பைத் திறந்து பார்த்த தம்பி, “ஏனுங்க மேடம், பண்ணை தொறப்பு விழாவுங்களா?” என்றான். நடுவில் பெரிதாகக் கடக்நாத் சேவல் படம், அவனைக் குறை சொல்ல முடியாது. ஓரத்தில் வாழை மரம் வேண்டாமா என்றும் கேட்டான். அளவைக் கருத்தரங்கின் கடிதத்தில் பார்த்து, செங்குத்தா படுக்கையா என்று உறுதிசெய்துகொண்டு கொடுங்கள். அமெரிக்காவில் பல இடங்களில் பலகை படுக்கைவாட்டில், அங்குலக் கணக்கில் இருக்கும்.

இறங்கியதும் சுங்கத்தில் ஒரு கேள்வி வரும்: பண்ணைக்குப் போனீர்களா, கால்நடைகளைத் தொட்டீர்களா? நம் வேலையில் ‘ஆம்’ என்பதுதான் உண்மை, அதையே சொல்லுங்கள். என்னை வேளாண் பரிசோதனை மேசைக்கு அனுப்பி, செருப்பைப் பார்த்து, பெட்டியைத் திறந்து பார்த்து விட்டுவிட்டார்கள். பண்ணைக்குப் போட்டுப்போகும் ஷூவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது நல்லதாகப் போயிற்று.

கருத்தரங்கில் பாதிப் பேச்சு வரிக்குதிரை மீனைப் பற்றி. கங்கைச் சமவெளியின் ஓடைகளில் திரியும் மீன் அது. உலகமே அதை வைத்து மரபியல் படிக்கிறது, நாம் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். பாம்பு, வௌவால், சுறா என்று மற்றவை. சுமார் 70,000 முதுகெலும்பி இனங்களின் ஜீனோமையும் குறையில்லாமல் எழுதிவிடுவது என்ற பெரிய கனவின் பேச்சு எல்லா இடத்திலும் கேட்டது. “நீள வாசிப்புத் தரவு (டிஎன்ஏவை நீண்ட நீண்ட துண்டுகளாகப் படித்தெடுத்தது) இருக்கிறதா?” என்று என்னையும் கேட்டார்கள். பணம் இருக்கிற ஆய்வகங்கள் கேட்கும் முதல் கேள்வி அது. என் கேள்விக்கு அது தேவையில்லை என்பதை விளக்கக் கொஞ்சம் தயாராகப் போங்கள்.

எனக்கு நிறைவு தந்தது வேறொன்று. கடக்நாத் சேவலை லெக்ஹார்ன் என்ற முட்டைக் கோழி இனப் பெட்டையோடு சேர்த்தால் பெட்டைக் குஞ்சுகளின் தோல் கருப்பாகவும் சேவல் குஞ்சுகளுடையது வெளுத்தும் வரும். லெக்ஹார்னில் கருமையைத் தடுக்கும் மரபணு, பறவைகளில் ஆணா பெண்ணா என்பதோடு தொடர்புள்ள இசட் குரோமோசோமில் இருப்பதால், தாயிடமிருந்து அது மகன்களுக்கு மட்டும் போகிறது. பேட்ஸன், பன்னெட் என்ற இரண்டு பிரிட்டிஷ் மரபியலாளர்கள் 1911இலேயே சில்கி என்ற இன்னொரு கருந்தோல் கோழியில் இதைக் காட்டிவிட்டார்கள். இந்தக் கலப்புப் பெட்டைகளைத்தான் நம் ஊரில் அசல் கடக்நாத் என்று விற்று ஏமாற்றுகிறார்கள் என்று சொன்னதும், கடந்துபோன ஒரு பேராசிரியர் நின்றுவிட்டார். நூறு வருடப் பழைய ஆய்வு கோழிச் சந்தையில் இன்னும் வேலை செய்கிறதே என்று பக்கத்துப் பலகைக்காரர்களையும் கூப்பிட்டார். இந்தோனேசியாவின் அயாம் செமானிக் கோழியில் வேலை செய்யும் ஒரு மாணவி, தன் ஜெல் படத்தை (பிசிஆர் முடிவு பட்டைகளாகத் தெரியும் படம்) ஃபோனில் காட்டினார். என் படத்தில் வந்த அதே இடத்தில் அதே பட்டை. இரண்டு ஊர்க் கருங்கோழிக்கும் தையல் ஒன்றுதான் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அந்தப் பென்சில் குறிப்பெல்லாம் மறந்துபோயிற்று.

திரும்பி வந்ததும் ஞாபகப்படுத்தினார்கள். “அசல் போர்டிங் பாஸ் எங்கம்மா?” சென்னையில் காகிதத்தில் கேட்டு வாங்கியிருந்தேன். நடுவில் மாறும் விமான நிலையத்தில் இயந்திரம் வேலை செய்யவில்லை, ஃபோனில் வந்ததைக் காட்டி ஏறச் சொன்னார்கள். ஃபோன் படத்தைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் அது அசல் இல்லையாம். இதற்கு இரண்டு வழி உண்டு. விமான நிறுவனத்துக்கு எழுதினால், இன்ன பயணி இன்ன விமானத்தில் பயணம் செய்தார் என்று சான்று தருவார்கள். அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் ஐ-94 என்ற வருகைப் பதிவையும், வந்துபோன தேதிகளையும் இலவசமாக எடுக்கலாம். இரண்டையும் சேர்த்து வைத்தேன், அது போதுமென்று ஒப்புக்கொண்டார்கள்.

விடுதி பில் மட்டும் பாதிதான் வந்தது. இன்னொரு ஊர் மாணவியோடு அறையைப் பகிர்ந்து செலவைக் குறைத்தோம். பில் அவர் பெயரில் இருந்தது, என் பாதிக்கு அவர் எழுதிக்கொடுத்த கடிதம் செல்லாது என்றார்கள். நிறைய வாதாடி, கொஞ்சம் வந்தது. அறையைப் பகிர்கிறவர்கள் கிளம்பும் அன்று வரவேற்பு மேசையில் கேட்டால் இருவர் பெயரிலும் தனித்தனி பில் போட்டுத் தருவார்கள், அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. விடியற்காலை விமானம் என்றால் முந்தின இரவே கேட்டு வாங்கிவிடுங்கள்.