தம்பிக்கு அவசர விடுப்பு வாங்கியபோது

என் தம்பி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று கோவை மத்திய சிறையில் இருக்கிறான். எங்கள் வீடு கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லைனில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில். போன மழைக்காலத்தில் அம்மாவுக்கு உடம்பு மிகவும் முடியாமல் போக, அவனைப் பரோலில் கூட்டிவர அலைந்தேன். இனி அலையப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி, நெருங்கிய உறவினரின் சாவு, கடும் நோய், கல்யாணம் ஆகியவற்றுக்கு அவசர விடுப்பு கேட்கலாம். சாதாரண விடுப்பு தனி. அதற்குச் சில வருடம் சிறையில் கழித்திருக்க வேண்டும். மனுவைச் சிறைக் கண்காணிப்பாளருக்குக் கொடுத்தேன். கூடவே மருத்துவச் சான்று, ரேஷன் கார்டு நகல். காவல் நிலைய அறிக்கைதான் நகராமல் கிடந்தது; நேரில் போய்ப் போய்க் கேட்ட பிறகே போனது.

விடுப்பு மனுவைப் பற்றி விசாரிக்க நன்னடத்தை அலுவலர் வந்த நாள்தான் எனக்குக் கனமான நாள். எங்கே தங்குவான், யார் பொறுப்பு, ஊரில் எதிர்ப்பு உண்டா என்று கேட்டுவிட்டு மேல் லைனுக்கு ஏறினார். தம்பியின் வழக்கில் கொலையானவரின் மனைவி அங்கேதான் இருக்கிறார். நான் கொழுந்து எடுக்கும் அதே சரிவில் எடுப்பவர். தீர்ப்பன்று ஊட்டி கோர்ட் வாசலில், "தூக்குல போடாம விட்டுட்டாங்களே" என்று அழுதவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அலுவலரிடம் அவர் சொன்னது இது: "அந்தம்மாவுக்காக வரட்டும். என் வாசல் வழியா மட்டும் நடக்கக் கூடாது."

அது அறிக்கையில் ஏறியது. விடுப்பு கிடைத்து வந்து இருந்த நாளெல்லாம் தம்பி கீழ் ரோட்டைச் சுற்றித்தான் போனான், ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவும் அப்படியே. அம்மா கண் தெளிந்து அவனோடு பேசினார்.

தூக்கு வேண்டும் என்பவர்கள் அந்த அக்காவைப் போன்றவர்களைக் காட்டித்தான் பேசுகிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் 1980 பச்சன் சிங் தீர்ப்புக்குப் பிறகு அரிதிலும் அரிதான வழக்குக்கே தூக்கு. மற்றவர்கள் 14 வருடத்தில் வந்துவிடுவார்கள் என்பதும் தவறு. ஆயுள் என்றால் ஆயுள் முழுக்கத்தான்; முன்விடுதலையைப் பற்றி அரசு யோசிக்கவே பொதுவாக 14 வருடம் கழிய வேண்டும். ஆனால் வழக்கு நடந்தபோது சாட்சிக் கூண்டில் ஏற்றி இறக்கிய அக்காவிடம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று அரசாங்கத்து ஆள் ஒருவர் உட்கார்ந்து கேட்டது இந்த விசாரணையில்தான். தம்பியைத் தூக்கில் போட்டிருந்தால் அதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

குறித்த நாளில் அவனைத் திரும்பச் சிறையில் விட நானே கூடப் போனேன். நேரம் தவறினால் அடுத்த விடுப்புக்குச் சிக்கல். மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரியும் காலமென்றால் விடிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

இன்னொன்று. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்பதே அக்காவுக்குத் தெரியாது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம் என்று அலுவலர் மூலமாகச் சொல்லியனுப்பினோம். கொடுத்திருக்கிறாராம்.