விளக்கு எரியாத அடாப்டர்

மார்ச் 3

வைஃபை அடாப்டரைச் செருகினால் கணினி அதை ஒரு வட்டு என்று திறந்து காட்டுகிறது. உள்ளே விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு மட்டும். லினக்ஸுக்கு ஒன்றுமில்லை. விளக்கும் எரியவில்லை.

மார்ச் 3, இரவு

செருகியிருக்கும் யுஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை காட்டும் எண் 0பிடிஏ:1ஏ2பி. வட்டு வேடத்தில் இருக்கும்போது வரும் எண் அது. யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரலைப் போட்டு வேடத்தைக் கலைத்ததும் எண்ணின் பின்பாதி சி811 என்று மாறியது. அப்படியானால் சிப் 8821சியூ குடும்பம். பெட்டியில் அந்த எண் எங்கும் இல்லை, வேகம் மட்டும் கொட்டை எழுத்தில். பெட்டியில் உள்ள பெயரை வைத்து டிரைவரை, அதாவது கருவியை இயக்கும் நிரலை, தேடுவது வீண். அதே பெயர், அதே பெட்டி, உள்ளே வேறு சிப் என்பதெல்லாம் சகஜம்.

அப்பாவின் அறிக்கை வரவில்லை.

மார்ச் 4

அம்மா: "இன்னும் அதைத்தான் நோண்டிக்கிட்டு இருக்கியா?"

மார்ச் 5

என்னிடம் இருக்கும் லினக்ஸின் மையநிரல், அதாவது கர்னல், 5.15. இந்த சிப்புக்கு அதில் டிரைவர் கிடையாது. மூலநிரலை இறக்கி, ஓடும் நிரலாக நாமே கட்ட வேண்டும். இறக்க இணையம் வேண்டுமே, அதனால் போனை யுஎஸ்பி கேபிளில் கட்டிப்போட்டிருக்கிறேன். மணி அடித்தால் கேபிளைப் பிடுங்கிக்கொண்டு ஓட வேண்டும். இன்று அடித்ததெல்லாம் கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்புகள்.

கட்டும் கட்டளையான மேக்கைத் தட்டியதும் நின்றுவிட்டது: பில்ட் என்ற அடைவு இல்லையாம். டிரைவர் கட்டத் தேவையான கர்னல் ஹெடர் கோப்புகளை நிறுவியதும் அந்தப் புகார் போனது. இதுவாவது என்ன குறை என்று வாய் திறந்து சொல்கிறது. அறிக்கை பற்றி அங்கே கேட்டால் "சொல்கிறோம்" என்பதோடு சரி.

மார்ச் 6

அப்பா சாப்பிடவில்லை.

மார்ச் 7

கர்னலுக்கு ஏற்ப டிரைவரைக் கட்டித்தரும் டிகேஎம்எஸ் வழியாகக் கட்டி முடித்தேன், ஒரு பிழைகூட இல்லை. ஏற்றப் போனால் சாவி நிராகரிக்கப்பட்டது என்கிறது. செக்யூர் பூட்! அது இயங்கும்போது, நம்பகமான சாவியால் போட்ட கையொப்பம் இல்லாத டிரைவர் தொகுதியைக் கர்னல் உள்ளே விடாது. கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் போய் அதை அணைத்துவிடு என்பதுதான் பலரும் சொல்லும் வழி. எனக்கு அதில் உடன்பாடில்லை. கதவு திறக்கவில்லை என்று பூட்டையே கழற்றுவார்களா?

மோக்யூட்டில் என்ற கட்டளையில் கையொப்பச் சாவியைப் பதிவு செய்து, தற்காலிகக் கடவுச்சொல் கொடுத்து, மறுதொடக்கம். நீலத் திரை வந்தது. 10 விநாடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்த வேண்டும். சரியாக அப்போது அப்பா கூப்பிட்டார். தண்ணீர் கொடுத்துவிட்டு வருவதற்குள் வழக்கமான திரைக்குப் போய்விட்டது. மறுபடி பதிவு, மறுபடி மறுதொடக்கம்.

எரிகிறது. நீல விளக்கு!

மார்ச் 8

கணினி அடாப்டருக்கு வைத்த இடைமுகப் பெயர் டபிள்யுஎல்எக்ஸ் என்று தொடங்கி, பின்னால் அதன் அடையாள எண்ணான மேக் முகவரி முழுவதையும் வால் போல இழுத்துக்கொண்டு வருகிறது. அசிங்கம்தான். இருக்கட்டும்.

மின்னஞ்சலைத் திறந்தேன். இல்லை. புதுப்பித்தேன். இல்லை.

மார்ச் 10

சும்மா இருந்தால் தொடர்பு அறுந்துபோகிறது. மின்சேமிப்பின் வேலை. நெட்வொர்க் மேனேஜர் அமைப்பில் வைஃபை பவர்சேவ் மதிப்பை 2 ஆக்கினேன், அதாவது சேமிக்காதே. அதற்குப் பிறகு அறுந்தால் உடனே தெரியட்டும் என்று விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா தூங்கும்போது அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்றும் பார்க்கிறேன்.

மார்ச் 11

இல்லை.

மார்ச் 13

வந்துவிட்டது. நாளை காலை நேரில் வரச் சொல்கிறார்கள். நேரில் எதற்கு?

மார்ச் 13, நள்ளிரவு

தூக்கம் வரவில்லை. கர்னலை 6.8க்கு ஏற்றினேன். 6.2லிருந்து இந்த சிப்புக்கான டிரைவர் ஆர்டிடபிள்யு88 என்ற பெயரில் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. நான் கட்டியது புதுக் கர்னலில் கட்டப்படாமல் பிழை கக்குகிறது. இனி அது தேவையும் இல்லை. அம்மாவும் தூங்கவில்லை, விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார். பழையதை டிகேஎம்எஸ்ஸிலிருந்து நீக்கிவிட்டு ஒரு தடவை மறுதொடக்கம் செய்து பார்க்கிறேன், அப்புறம்