வாய் முந்தியது, கை பிந்தியது: வீட்டிலிருந்து ஓ.எல். எழுதிய கதை

ஓ.எல். (பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை) பெறுபேறு வந்து நாலு நாள். மகனுக்கு 5 ஏ, 2 பி, 2 சி. வீசிங் (மூச்சிழுப்பு) காரணமாக எட்டாம் ஆண்டோடு பாடசாலையை விட்டு, திருகோணமலையில் வீட்டிலேயே படித்துத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதினான். (16 வயதுவரை கட்டாயக் கல்வி. எங்களிடம் வைத்திய அறிக்கைகள் இருந்தன, நீங்களும் ஒவ்வொரு துண்டையும் எடுத்து வையுங்கள்.) "பிள்ளையைக் கெடுக்கிறாள்" என்று கதைத்த சொந்தக்காரர்கள்தான் இப்போது வழி கேட்கிறார்கள்.

முதலில் வயிற்றெரிச்சல். வரலாற்றுக்கு சி! அவனுக்கு மிக நன்றாகத் தெரிந்த பாடம். இங்குள்ள பிரெட்ரிக் கோட்டை வாசலில் மான்களுக்கு நடுவே நின்று, 1624இல் போர்த்துக்கீசர் கட்டியது, 1639இல் ஒல்லாந்தர் பிடித்தது, 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது என்று எனக்கே கதை சொல்வான். வரைபடத்தில் கோகர்ணத்தை (திருகோணமலையின் பழைய பெயர்) கண்ணை மூடிக்கொண்டு குறிப்பான், சொந்த ஊராச்சே. ஆனால் பரீட்சையில், இரண்டாம் பத்திரத்தில் கடைசி வினாவும் அதற்கு முந்தியதில் பாதியும் வெறுந்தாள். நேரம் போதவில்லை.

குற்றம் என்னுடையது. மூன்று வருசமும் கதைத்துக் கதைத்தே படித்தோம். விடையை வாயால் சொன்னால் "சரி, அடுத்தது" என்று தாண்டிவிடுவேன். பாடசாலையில் தவணைக்குத் தவணை மணியடித்துத் தாளைப் பறிக்கிறார்கள், வீட்டில் யார் பறிப்பது? பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கும்போதுதான் முதல் தடவையாக மூன்று மணித்தியாலம் ஒரே இருப்பில் எழுதினான். நடுவிரலில் பேனா அழுத்திய இடம் சிவந்து கன்றிப்போயிருந்தது. அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நான் எண்ணெய் பூசிவிட்டுப் படுக்கச் சொன்னேன்.

கணிதம் தப்பிப் பிழைத்ததற்கும் மணிக்கூடுதான் காரணம். முதல் பத்திரத்தின் அ பகுதி, அந்த 25 சிறுவினாக்களை, பத்தாம் ஆண்டிலிருந்து தினமும் காலையில் சமையலறை மணிக்கூட்டைப் பார்த்துச் செய்தான். ஏ வந்தது.

மற்றவை:

- எட்டாம் ஆண்டு பிள்ளையானாலும் கிழமைக்கு ஒரு முழுத்தாள். நேரம் முடிந்தால் பறியுங்கள். அழட்டும்.
- மேலதிக வாசிப்பு நேரம் 10 நிமிடத்தில் எந்த வினாக்களை விடுவது என்று முடிவெடுக்கப் பழக்குங்கள்.
- விருப்பப் பாடங்களில் இரண்டாம் தொகுதியில் (கலைப் பாடங்கள்) இலக்கிய நயம் எடுத்தோம். சங்கீதம், நடனம் என்றால் செய்முறைப் பரீட்சை இருக்கிறது, வீட்டுப் பிள்ளைக்கு அலைச்சல்.
- பாடப்புத்தகங்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்தில் இலவசம். வேறு வழிகாட்டிப் புத்தகங்களுக்குக் கொடுத்த காசு தண்டம்.
- படிப்பு காலை நாலரைக்கு. நான் அதிகாலை ஆள், அதனால் அவனும். பத்து மணிக்குப் பிறகு இந்த வெயிலில் எதுவும் மண்டையில் ஏறாது.
- ஊருக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீரூற்றுக்கு வெப்பமானி கொண்டுபோங்கள். ஏழு கிணறும் ஒரே சூடில்லை. ஏன் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஆனால் வீடு வந்ததும் எழுத வையுங்கள்!

வரலாற்றை மட்டும் திரும்ப எழுதுவோமா என்று நேற்றுக் கேட்டேன். "சி காணும் அம்மா" என்று மட்டையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டான். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.