மத்தபடி ஓகேவாக்கா?

எங்ககிட்ட ஃபோட்டோ எடுக்கற ஒரு பொண்ணோட படத்துல மொத்தம் ஏழு தப்பு சொன்னேன். எண்ணித்தான் சொன்னேன், ஏன்னா அந்தப் பொண்ணு நோட்டு எடுத்து 1, 2ன்னு நம்பர் போட்டு எழுதிக்கிட்டு இருந்தா, அவ எழுதி முடிக்கிற வரைக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஏழுமே சரியான தப்பு. இன்னைக்கு யார் அந்தப் படத்த எடுத்துப் பாத்தாலும் அந்த ஏழும் அங்க இருக்கும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. இத மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இதுக்கப்புறம் எழுதப் போறதப் படிச்சா நான் ஏதோ அநியாயம் பண்ணிட்ட மாதிரி இருக்கும். அப்படி இல்ல. இல்லன்னுதான் நெனைக்கிறேன்.

தூக்கம் வராததப் பத்தின ஒரு கட்டுரைக்கு லீட் படம், அதாவது முதல்ல பெருசா வர்ற படம் அது. ஒரு பொண்ணு கட்டில்ல ஒருக்களிச்சுப் படுத்திருக்கா, கண்ணாடி போட்டிருக்கா, ஒரு கையில ஃபோன், ரூம் இருட்டு, பின்னாடி பாதி தொறந்த கதவு, அதுக்கு வெளிய ஒரு லைட் எரியுது. செட் போட்டு எடுத்தது, செட்டுன்னு யாரும் மறைக்கவும் இல்ல. நியூஸ் படத்துல ஒரு ஆள நகத்தி நிக்க வச்சா வேலையே போயிடும், எங்க பக்கம் நகத்தறதுதான் வேலையே. அதனாலயே இங்க விமர்சனம் வேற மாதிரி ஆயிடுது. தெருவுல எடுத்த படத்துல நிழல் தப்பா விழுந்தா சூரியன் மேல பழியப் போட்டுட்டுப் போயிடலாம், செட்டுல இருக்கறது எல்லாமே யாரோ ஒருத்தர் வச்சது, அப்ப தலையணை உறை வரைக்கும் எதக் காட்டி வேணா ஏன் இத இங்க வச்சேன்னு கேக்கலாம். கேக்கறவங்களுக்கு ரொம்ப வசதியான இடம் அது.

நானும் கேட்டேன். ஃபோன் வெளிச்சம் முகத்துல விழற மாதிரிதான் படம், ஆனா நிஜ ஃபோன் வெளிச்சம் பத்தாதுன்னு படம் எடுத்தவ ஒரு சாஃப்ட்பாக்ஸ, அதாவது துணி மூடின பெரிய லைட்டு, தள்ளி வச்சு அடிச்சிருக்கா. மாட்டிக்கறது அங்கதான். ஃபோன்லேர்ந்து முகம் 1 அடி, பின்னாடி சுவர் 4 அடின்னு வைங்க, தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒண்ணாயிடும், 4 அடிக்குப் போறப்ப 16ல ஒண்ணு. முகம் அவ்ளோ வெளிச்சமா இருந்தா சுவர் கிட்டத்தட்ட கருப்பா இருக்கணும், இவ படத்துல சுவத்து பெயிண்ட் என்ன கலருன்னு சொல்லிடலாம். கண்ணாடியில ஃபோனோட நீளக் கட்டம் தெரியாம சாஃப்ட்பாக்ஸோட பெரிய சதுரம் தெரியுது. மூக்குக்கு ரெண்டு நிழல். ஃபோன் வெளிச்சமும் கதவுக்கு வெளிய இருக்கற லைட்டும் ஒரே வெள்ளை, வெளிய இருக்கறதுக்கு ஒரு ஆரஞ்சு ஜெல் (லைட் மேல போடற கலர் தாள்) போட்டு 3200 கெல்வின் பக்கம், அதாவது குண்டு பல்பு மஞ்சளுக்குக் கொண்டு வந்திருந்தா ரெண்டும் தனித்தனியா பிரிஞ்சிருக்கும். ஃபோன் ஸ்க்ரீன் பாதி கேமராவப் பாத்துத் திரும்பியிருக்கு, அதாவது படுத்திருக்கற பொண்ணு படிக்கறதுக்கு இல்ல, நாம பாக்கறதுக்காகப் புடிச்சிருக்கா. பெட்ஷீட்டுல அயர்ன் பண்ண மடிப்பு. தலைமுடி ஒண்ணு கலையல. ராத்திரி முழுக்கப் புரண்டவ கட்டிலா அது? "இது யாரோட கட்டில்?"ன்னு கேட்டேன்.

அந்தக் கேள்வி என்னோடது இல்ல. நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு வீட்டு ஹால் செட் போட்டு எடுத்துட்டு வந்தேன், அப்ப இருந்த சீனியர் அரை நிமிஷம் பாத்துட்டு "இது யாரோட வீடு?"ன்னு மட்டும் கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. ரெண்டு நாள் சாப்பாடு எறங்கல எனக்கு. அப்புறம்தான் புரிஞ்சுது, அந்த ஹால்ல யாருமே குடியிருக்கல, எல்லாப் பொருளும் கேமராவப் பாத்து உக்காந்திருந்துச்சு. அந்த ஒத்தக் கேள்வியாலதான் நான் இந்த வேலையக் கத்துக்கிட்டேன்னு பல பேருகிட்ட சொல்லியிருக்கேன். இப்ப யோசிச்சா அந்தக் கேள்விய யாருகிட்டயாவது கேக்கணும்னு இத்தன வருஷமா காத்துக்கிட்டு இருந்த மாதிரியும் தோணுது. கேட்டப்ப அந்தப் பொண்ணு மொகம் எப்படி மாறுச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல, நான் ஸ்க்ரீனத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். எல்லாம் எழுதி முடிச்சதும் அவ பேனாவ மூடிட்டு, "மத்தபடி ஓகேவாக்கா?"ன்னு கேட்டா.

இந்த ஒரு வார்த்தையத்தான் நான் மாசக் கணக்கா திருப்பித் திருப்பி ஓட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன். மத்தபடி. ஏழு தப்பையும் எடுத்து ஓரமா வச்சுட்டா மிச்சம் ஏதாவது இருக்கான்னு கேட்டிருக்கா. அன்னைக்கு எனக்கு அப்படிக் கேக்கல. ஏழு சொன்னதுக்கு அப்புறமும் ஒரு சர்டிஃபிகேட் எதிர்பாக்கறாளோன்னுதான் பட்டுது. "மத்தபடி என்ன மத்தபடி, இதெல்லாம் சரி பண்ணு, படம் தன்னால வரும்"னு சொல்லிட்டேன். கோவமா எல்லாம் இல்ல, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அடுத்த மீட்டிங்குக்கு அஞ்சு நிமிஷம்தான் இருந்துச்சு, அதையும் சொல்லணும்.

ரெண்டு நாள்ல ரீஷூட் பண்ணிட்டு வந்தா, அதே மாடல், அதே கட்டில். சின்ன எல்இடி பேனல் ஒண்ண ஃபோனோட ஸ்க்ரீன் பக்கம் ஒட்டி, கேமராவுக்குத் தெரியாம மறைச்சு வச்சிருக்கா, சுவர் இருட்டுல போயிடுச்சு, கண்ணாடியில கரெக்டா ஒரு சின்ன நீளக் கட்டம், மூக்குக்கு ஒரே நிழல், வெளிய ஆரஞ்சு, பெட்ஷீட் கசங்கியிருக்கு, முடி கலைஞ்சிருக்கு. ஏழும் சரி. ஆனா பாத்த ஒடனே தெரிஞ்சுது, படம் செத்துப் போச்சு. அதுல இருக்கற பொண்ணு தூக்கம் வராதவ இல்ல, லீவு நாள்ல படுத்துக்கிட்டு ஃபோன் பாக்கறவ.

"இப்ப ஓகேவாக்கா?"

"ம், க்ளீனா இருக்கு"ன்னு சொன்னேன்.

மொத நாள் அவ்ளோ உண்மை பேசின வாய்க்கு அன்னைக்கு என்ன ஆச்சு? ஏழு தப்பச் சொல்ல எனக்கு எந்தக் கஷ்டமும் இல்ல, எல்லாம் அவ தப்பு. ரெண்டாவது படம் சரியில்லன்னு சொல்லணும்னா நான் சொன்னது சரியில்லன்னும் சேத்துச் சொல்லணும். இதுதான் காரணம்னு என்னையே நான் திட்டிக்கறப்ப தோணும். மத்த நேரத்துல, லேஅவுட் காத்துக்கிட்டு இருந்துச்சு, மூணாவது ஷூட்டுக்கு மாடலுக்கு யார் காசு குடுப்பா, படமும் மோசமில்லன்னு தோணும். ரெண்டும் உண்மைதான். படம் போயிடுச்சு, யாரும் ஒண்ணும் சொல்லல, ஒருத்தர் லைட்டிங் நல்லா இருக்குன்னு கூடச் சொன்னாரு.

அதுக்கப்புறம் ஒரு நாள் சும்மா இருக்கறப்ப ரெண்டு ஃபைலையும் பக்கத்துல பக்கத்துல தொறந்து வச்சேன். 1855ல ரோஜர் ஃபென்டன் கிரிமியா போர்ல எடுத்த ரெண்டு படம் உண்டு, ஒரே எடம், ஒரே கோணம், ஒண்ணுல பீரங்கிக் குண்டெல்லாம் ரோட்டு மேல கெடக்கும், இன்னொண்ணுல ரோடு காலி. எது மொதல்ல எடுத்தது, குண்டுங்கள ஆள வச்சு ரோட்டுல போட்டாங்களான்னு ரொம்ப காலமா சண்டை. 2007ல எரால் மோரிஸ்ங்கற டாகுமென்டரி டைரக்டர் அந்த எடத்துக்கே போயிப் பாத்து, ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டு, கடைசியில விடை கெடச்சது குண்டுங்கள வச்சு இல்ல, ஓரச் சரிவுல இருந்த சின்னச் சின்னக் கல்ல வச்சு. காலு பட்டு சில கல்லு கீழ உருண்டிருக்கு, அதனால காலி ரோடுதான் மொத படம்னு முடிவுக்கு வந்தாங்க. யாரும் வச்சதும் இல்ல, கண்டுக்கிட்டதும் இல்ல அந்தக் கல்ல. நானும் அப்படித்தான் சுவர், கண்ணாடி, நிழல் எல்லாத்தையும் தாண்டித் தேடினேன்.

கைதான். ஃபோன் புடிச்ச கை இல்ல, இன்னொரு கை. மொத படத்துல அந்தக் கை பெட்ஷீட்டோட ஓரத்தக் கொத்தாப் புடிச்சிருக்கு, விரல் மூட்டெல்லாம் வெளுத்துப் போற அளவுக்கு. அந்த ஏழு தப்புக்கு நடுவுல அந்தக் கை மட்டும் நடிக்கல. ரெண்டாவது படத்துல அதே கை தலையணைக்கு மேல லேசா விரிஞ்சு கெடக்கு, அழகா.

மொத நாளே அந்தக் கைய நான் பாத்தேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். பாத்து, பிடிச்சு, ஆனா நல்லதச் சொல்ல என்ன இருக்கு, நல்லது அப்படியே இருந்துக்கும்னு விட்டுட்டேன்னு. இது எனக்குக் கொஞ்சம் கவுரவமான கதையா இருந்துச்சு. தப்பச் சொன்னா திருத்துவாங்க, நல்லதச் சொல்லாம விட்டா அதையும் சேத்துத் தூக்கிப் போட்டுடுவாங்க, குறிப்பா செட்டுல, ஏன்னா ரீஷூட்ல எல்லாத்தையும் மறுபடி வைக்கணும், எத வைக்கணும்னு தெரியாததத் திரும்ப எப்படி வைப்பா. புதுசா வர்றவங்களுக்கு இத ஒரு பாடமாவே சொல்ல ஆரம்பிச்சேன்.

அப்புறம் அவ நோட்ட பாத்தேன். வேற ஒரு ஷூட்டுக்கு ப்ராப் (செட்டுல வைக்கற பொருள்) லிஸ்ட் தேடிப் பொரட்டறப்ப அந்தப் பக்கம் வந்துச்சு. ஏழு இல்ல, எட்டு இருந்துச்சு. எட்டாவது வரி: "மாடல் வெறைப்பா இருக்காங்க, ஏசி குறைக்கணும்."

அவகிட்ட கேட்டேன், இது நான் சொன்னதான்னு. "ஆமாக்கா, கடைசியா எந்திரிச்சுப் போறப்ப சொன்னீங்க. அன்னைக்கு ஏசி ரொம்ப ஜாஸ்தி, அவங்க நடுங்கிட்டாங்க, பாவம். ரெண்டாவது தடவை கரெக்டா வச்சிருந்தேன்."

அப்ப நான் அந்தக் கையப் பாத்திருக்கேன், தப்புன்னு பாத்திருக்கேன். சொல்லாம விடல, எடுத்துடுன்னு சொல்லியிருக்கேன். இல்ல, கையையே பாக்காம, மொத்தமா ஏதோ வெறைப்பு தெரிஞ்சு போற போக்குல மாடல் மேல அக்கறையாச் சொன்னதா? எனக்குத் தெரியல. இப்ப எப்படி ஞாபகப்படுத்திப் பாத்தாலும் எனக்குத் தோதான எடத்துல லைட் வச்சுக்கறேன். அதுவும் போக, குளிர்ல நடுங்கின கைய தூக்கம் வராத கைன்னு நான்தான் படிச்சிருக்கேன். அவங்க பெட்ஷீட்டப் புடிச்சது போத்திக்கத்தான். ஒரு ஆளு நடுங்கினாத்தான் என் படத்துக்கு உயிர் வரும்னா அந்த உயிர் வேணுமா, ஏசிய குறைன்னு சொன்னதுதானே நியாயம்? நியாயம்தான். ஆனா கை போச்சே.

இத அவகிட்ட பாதி சொல்லிப் பாத்தேன். மொத படத்துல அந்தக் கை நல்லா இருந்துச்சும்மான்னு. "அது நான் பண்ணது இல்லையேக்கா"ன்னா. பண்ணாட்டி என்ன, செலக்ட் பண்ணது நீதானேன்னேன். அவ ஒத்துக்கல. நானும் விடாம, 1950ல ராபர்ட் துவானோ பாரிஸ் தெருவுல எடுத்த அந்த முத்தப் படத்தச் சொன்னேன், நிஜக் காதலர்கன்னு நம்பி ஊர் உலகமே சுவத்துல மாட்டி வச்சிருந்துச்சு, 40 வருஷத்துக்கு மேல கழிச்சு கோர்ட்டு வரைக்கும் போனப்புறம்தான் ரெண்டு நடிப்பு ஸ்டூடண்ட்ஸ நிக்க வச்சு எடுத்ததுன்னு தெரிஞ்சுது, தெரிஞ்சும் யாரும் கழட்டி வைக்கல, ஏன்னு கேட்டேன். அவ கொஞ்சம் யோசிச்சுட்டு, "அதுல பின்னாடி நடந்து போறவங்க யாரும் அவங்களப் பாக்கலக்கா, அதனாலயா இருக்கும்"னா. எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடிச்சுது. பிடிச்சுதுன்னு சொன்னேனான்னு கேட்டா, சொல்லல. ஃபோன் வந்துடுச்சு.

போன மாசம் நானே ஒரு செட் போட்டு எடுத்தேன், ரொம்ப நாளைக்கு அப்புறம். காலியான டைனிங் டேபிள், ஒரு நாற்காலி மட்டும் லேசா இழுத்து விட்டது. அவளக் கூப்பிட்டுக் காட்டி, உள்ளதச் சொல்லு, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்னேன். (இப்படிச் சொல்லிட்டுக் கேக்கறவங்ககிட்ட யாரும் உள்ளதச் சொன்னதே இல்ல, தெரிஞ்சேதான் கேட்டேன்.) நல்லா குனிஞ்சு, ஒவ்வொரு மூலையாப் பாத்தா.

"க்ளீனா இருக்குக்கா."

அவ நிஜமாவே அப்படி நெனச்சிருக்கலாம். க்ளீனாத்தான் இருந்துச்சு. நான் "மத்தபடி?"ன்னு கேக்க வாயெடுத்தேன், கேக்கல. என்ன சொல்லிடுவாளோன்னு பயமா, ஒண்ணும் சொல்ல மாட்டாளோன்னு பயமான்னு தெரியல.

இன்னைக்கு சாயங்காலம் அவகிட்டேர்ந்து ஒரு மெயில். புது ஷூட், ஒரே ஒரு படம். இப்பல்லாம் படத்துக்குக் கீழ அவளே தப்பெல்லாம் நம்பர் போட்டு எழுதி அனுப்பிடறா, நான் சொல்றதுக்கு முன்னாடி. ஒம்போது இருக்கு. ஒவ்வொண்ணா சரி பாத்தேன், ஒம்போதும் கரெக்ட், ஒண்ணு நான் கூடப் பாத்திருக்க மாட்டேன். லிஸ்டுல இல்லாததத் தேடித்தான் ரெண்டு மணி நேரமா படத்தப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஜன்னல் பக்கம் ஏதோ ஒண்ணு இருக்கற மாதிரி இருக்கு. பதில் இன்னும் போடல.