அழிய மறுத்த 'பழைய பேக்கப்'

எங்கள் வீட்டுக் கணினியில் இரண்டாவது டிஸ்காக இருப்பது, பழைய கணினியிலிருந்து கழற்றிப் பொருத்திய 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸில் அதுதான் டி டிரைவ். அது நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டத் தொடங்கியதும், அதிலிருந்த 'பழைய பேக்கப்' என்ற ஃபோல்டரை அழித்துவிட முடிவு செய்தேன். உள்ளே இருந்ததெல்லாம் வெளி டிஸ்க் ஒன்றில் நகலாக இருக்கிறது. சிலவற்றைத் திறந்து பார்த்தும் உறுதி செய்துகொண்டேன். அழிப்பதுதானே, சட்டென்று முடியும் என்று பார்த்தால், ஃபோல்டர் அசையவில்லை.

இதற்கு அக்கம்பக்கத்தில் கேட்டால் இரண்டு யோசனைதான் வரும். ஒன்று, "ஃபார்மட் பண்ணிடுங்க சார்." இன்னொன்று, எந்தக் கோப்பையும் அழித்துத் தருவதாகச் சொல்லும் ஏதாவது இலவச மென்பொருள். முதலாவது எனக்கு ஆகாது, அதே டிரைவில் வேண்டிய கோப்புகளும் இருந்தன. இரண்டாவதில் நம்பிக்கை இல்லை. அந்த வகை மென்பொருள்களில் பல, கூடவே விளம்பரக் குப்பையையும் கணினியில் இறக்கிவிடும். அதனால் விண்டோஸ் என்ன சொல்லி மறுக்கிறது என்பதை ஒவ்வொரு பெட்டியாகப் படிக்க ஆரம்பித்தேன். ஃபோல்டர் ஒன்றுதான் என்றாலும், உள்ளே போகப் போக மறுப்புக்கான காரணம் மாறிக்கொண்டே இருந்தது.

வீடியோக்களுக்கு வந்த செய்தி 'ஃபைல் இன் யூஸ்'. நான் எதையும் திறக்கவில்லை. ஆனால் 'காம் சர்ரகேட்' என்ற புரோகிராம் திறந்து வைத்திருப்பதாகக் காட்டியது. பெயரைப் பார்த்து வைரஸ் என்று பயப்பட வேண்டாம், அது விண்டோஸின் சொந்த ஆள்தான். வீடியோவிலிருந்து ஒரு காட்சியை எடுத்துச் சின்னப் படமாகக் காட்டும் வேலையை, ஃபோல்டர்களைத் திறந்து காட்டும் எக்ஸ்ப்ளோரர் இதனிடம் கொடுக்கும். பழுதான வீடியோ ஏதாவது வந்து இது திணறினால், கோப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும். விண்டோஸில் ஒரு புரோகிராம் கோப்பைத் திறக்கும்போதே, மற்றவர்கள் அதை அழிக்கலாமா கூடாதா என்பதையும் சொல்லித்தான் திறக்கிறது. கூடாது என்று திறந்திருந்தால், மூடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். லினக்ஸ் இயங்குதளத்தில் இந்தத் தொல்லை கிடையாது. திறந்திருக்கும் கோப்பையும் அங்கே நீக்கலாம். கடைசியாக வைத்திருந்த புரோகிராம் மூடியதும் இடம் காலியாகும்.

பிடித்திருப்பது யார் என்று செய்தியில் வராவிட்டாலும் கண்டுபிடிக்க வழி உண்டு. விண்டோஸிலேயே இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, 'சிபியு' பகுதியில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' என்ற தேடல் பெட்டியில் கோப்பின் பெயரில் ஒரு துண்டைத் தட்டினால் போதும். மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற கூடுதல் கருவித் தொகுப்பைப் போட்டிருப்பவர்களுக்கு இன்னும் சுலபம்: ரைட் கிளிக் செய்து 'ஃபைல் லாக்ஸ்மித்'திடம் கேட்கலாம். நான் டாஸ்க் மேனேஜரில் காம் சர்ரகேட்டை முடித்துவிட்டு, சின்னப் படங்கள் மறுபடி வராதபடி எக்ஸ்ப்ளோரரை 'டீட்டெயில்ஸ்' காட்சிக்கு மாற்றினேன். வீடியோக்கள் அழிந்தன.

அடுத்தது அனுமதிப் பிரச்சினை. நான்தானே அட்மின், நான் யாரிடம் அனுமதி கேட்பது என்று இந்த இடத்தில் எல்லோருக்கும் கோபம் வரும். எனக்கு வந்த செய்தியில் ஆள் பெயர்கூட இல்லை. எஸ்-1-5-21 என்று தொடங்கும் ஒரு நீண்ட எண்ணைக் காட்டி, 'இவரிடம் அனுமதி வாங்கு' என்றது. டிஸ்க்கில் கோப்புகளைப் பதிந்து வைக்க விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறை உரிமையாளரின் பெயரை எழுதி வைப்பதில்லை, கணக்கின் அடையாள எண்ணைத்தான் வைக்கிறது. இது பழைய கணினியில் அப்பாவின் கணக்குக்கு இருந்த எண். அந்த விண்டோஸே இப்போது இல்லை என்பதால், எண்ணுக்கு உரியவர் யாரென்று சொல்ல யாருமில்லை. புதிய கணினியில் அதே பெயரில் கணக்குத் தொடங்கினாலும் எண் வேறாகத்தான் இருக்கும். தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா மாதிரி: அனுபவிப்பது நாமாக இருந்தாலும், பெயர் மாற்றாமல் விற்க முடியாது.

பெயர் மாற்றம் இரண்டு கட்டம். ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் 'செக்யூரிட்டி', அதில் 'அட்வான்ஸ்டு', மேலே 'ஓனர்' என்று இருக்கும் இடத்தில் 'சேஞ்ச்' கொடுத்து நம் கணக்கைப் போட வேண்டும். உள்ளே இருப்பவற்றுக்கும் சேர்த்து உரிமையாளரை மாற்றச் சொல்லும் கட்டத்தில் டிக் போட மறக்கக் கூடாது. இதோடு முடிந்தது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். உரிமையாளராவது வேறு, அனுமதி பெறுவது வேறு. உரிமையாளருக்குக் கிடைப்பது அனுமதிகளை மாற்றி எழுதும் அதிகாரம்தான். ஜன்னலை மூடித் திறந்து, நம் கணக்குக்கு 'ஃபுல் கன்ட்ரோல்' தனியாகக் கொடுக்க வேண்டும். கமாண்ட் பிராம்ப்ட் என்ற, கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையில் செய்பவர்கள் 'டேக்ஓன்' கட்டளையை முதலிலும் 'ஐசிஏசிஎல்எஸ்' கட்டளையை அடுத்தும் கொடுப்பது இதனால்தான். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மட்டும் இந்த வித்தையைக் காட்டாதீர்கள். அங்கே உரிமையாளராக 'டிரஸ்டட் இன்ஸ்டாலர்' என்ற விண்டோஸின் சொந்தக் கணக்கு இருப்பது, நம்மிடமிருந்து விண்டோஸைக் காப்பாற்றத்தான். 2007இல் வந்த விஸ்டாவிலிருந்து அப்படித்தான்.

இதற்குப் பிறகும் ஒரு மூலை அசையவில்லை. அம்மா பெயரிட்டு வைத்த படங்கள். செய்தி: 'சோர்ஸ் பாத் டூ லாங்'. பழைய விண்டோஸ் இடைமுகத்தில் ஒரு கோப்பின் முழுப் பாதை 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும். டிரைவ் எழுத்து, எல்லா ஃபோல்டர் பெயர்கள், நடுவில் வரும் பின்சாய்வுக் கோடுகள், கோப்பின் பெயர், கடைசியில் கண்ணுக்குத் தெரியாத முடிவுக் குறி எல்லாம் இதில் சேர்த்தி. 260 தாராளமாகத் தெரியலாம். ஆனால் விண்டோஸ் எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை அல்ல, எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூனிகோடு குறிகளை. 'ல்' என்பது நமக்கு ஓரெழுத்து; அதற்கு 'ல' ஒன்று, புள்ளி ஒன்று. 'கல்யாணம்' நமக்கு ஐந்து எழுத்து, விண்டோஸுக்கு 8. 'புகைப்படங்கள்' எட்டெழுத்து, கணக்கில் 13. 'ஸ்ரீ' ஒன்றுக்கே 4 போய்விடும். அம்மாவோ 'குடும்பப் புகைப்படங்கள்' ஃபோல்டருக்குள் 'பெரியப்பா வீட்டுக் கல்யாணம்', அதற்குள் 'மாப்பிள்ளை அழைப்பு', அதற்குள் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வாக்கியம் என்று வைத்திருந்தார். பார்க்க அழகுதான்.

சரி, அவ்வளவு நீளமான பாதையை முதலில் எப்படி உள்ளே விட்டது? அம்மா சேமித்தபோது அது நீளமாக இல்லை. பின்னால் அப்பா மொத்தத்தையும் இழுத்து, ஏற்கெனவே ஆழத்தில் இருந்த இன்னொரு ஃபோல்டருக்குள் போட்டிருக்கிறார். ஒரே டிரைவுக்குள் நகர்த்தும்போது மேல் ஃபோல்டரின் பதிவு மட்டும்தான் மாறும். உள்ளே இருப்பவற்றின் பாதை எவ்வளவு நீண்டது என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. 2016இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு ஒன்று இந்த எல்லையைத் தளர்த்த ஓர் அமைப்பைத் தந்தது. ஆனால் அதை ஏற்கும்படி எழுதப்பட்ட புரோகிராம்களுக்குத்தான் பயன். எக்ஸ்ப்ளோரரை நம்பிப் பலனில்லை.

தீர்வு சிரிப்பு வரும் அளவுக்கு எளிது. மேலே இருக்கும் ஃபோல்டர்கள் எல்லைக்குள்தானே இருக்கின்றன? அவற்றின் பெயரை வரிசையாக 'அ', 'ஆ', 'இ' என்று மாற்றிக்கொண்டே இறங்கினேன். பாதை சுருங்கியது, அழிப்பதும் நடந்தது. இதே சிக்கல் நூறு இடத்தில் இருந்தால் ரோபோகாப்பி கட்டளை நல்லது. அதற்கு நீளமான பாதை ஒரு பொருட்டே இல்லை. ஒரு காலி ஃபோல்டரை மூலமாகவும் அழிக்க வேண்டியதை இலக்காகவும் கொடுத்து 'மிர்ரர்' செய்யச் சொன்னால், இலக்கையும் காலியாக்கிவிடும். இலக்கின் பெயரைப் பொறுமையாகச் சரிபார்த்துவிட்டு என்டர் தட்டவும், ஏனென்றால் அது கேள்வி கேட்காது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு காலி ஃபோல்டர். கண் முன்னால் இருக்கிறது, அழித்தால் 'அப்படி ஒன்று இல்லையே' என்கிறது! தம்பியின் உபுண்டு (லினக்ஸ் வகை) மடிக்கணினியில் இந்த டிஸ்க்கை மாட்டியபோது உருவானது. பெயரின் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி இருந்தது. லினக்ஸ் அதை அனுமதிக்கும். விண்டோஸோ பெயரின் கடைசியில் வரும் புள்ளியையும் இடைவெளியையும் வெட்டிவிட்டுத் தேடும், கிடைக்காது. கமாண்ட் பிராம்ப்டில் ஃபோல்டரை நீக்கும் 'ஆர்டி' கட்டளையைக் கொடுக்கும்போது முழுப் பாதைக்கு முன்னால் \\?\ என்ற குறிகளைச் சேர்த்தால், பெயரைத் திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொள்ளும். கறுப்புத் திரையில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் கட்டளை வேலை செய்கிறது.

எல்லாம் முடிந்து பார்த்தால் இடம் எதிர்பார்த்த அளவு காலியாகவில்லை. டிஸ்க்கின் ஒவ்வொரு பயனருக்கும் ரீசைக்கிள் பின்னில் தனி அறை உண்டு. நம் திரையில் தெரிவது நம் அறை மட்டும். அப்பாவின் பழைய எண்ணுக்கு உரிய அறை, அவர் எப்போதோ 'அழித்த' படங்களோடு டி டிரைவில் மறைந்து கிடந்தது. பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளைக் காட்டும்படி ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மாற்றி, டாலர் குறியோடு தொடங்கும் அந்த ரீசைக்கிள் பின் ஃபோல்டரையே நீக்கினேன். விண்டோஸ் தனக்கு வேண்டியதைப் புதிதாக உருவாக்கிக்கொண்டது.

இப்போது படங்களை ஆண்டு, மாதம் என்று எண்களில்தான் அடுக்குகிறேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தை எங்கே போய்த் தேடுவது என்கிறார். மேல் ஃபோல்டருக்கு மட்டும் அவர் சொல்லும் பெயர், உள்ளே என் எண்கள் என்று பேச்சுவார்த்தை நடக்கிறது.