லண்டன் ரெக்கோடரும் எங்கட கேபிள் பெட்டியும்

வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் ஊருக்கு வரேக்க கொண்டு வாற சாமான்ல பாதி இங்க வேலை செய்யாது, மிச்சப் பாதியை வேலை செய்ய வைக்கிறதுக்கு வீட்டில ஒராள் மினக்கெடோணும். எங்கட வீட்டில அந்த ஆள் நான் தான். திருகோணமலைக் கோணேஸ்வரத்து ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வந்த சித்தப்பா, லண்டன்ல தன்ட வீட்டில சும்மா கிடந்த, ரிவி நிகழ்ச்சியைப் பதிஞ்சு வைக்கிற டிவிடி ரெக்கோடர் ஒண்டைத் தூக்கிக்கொண்டு வந்து தந்தவர். உள்ளுக்க 160 ஜிபி ஹார்ட் டிஸ்க் இருக்கு. எல்லாம் போன்லயே பாக்கிற காலத்தில இது என்னத்துக்கு எண்டு தங்கச்சி சிரிச்சவள். ஆனா அம்மா போன்ல நாடகம் பாக்க மாட்டா, இரவு அவட நாடகம் போற நேரம் பாத்துத் தான் அத்தானுக்கு கிரிக்கெட்டும் வரும், இருக்கிறது ஒரு ரிவி, ஒரு கேபிள் பெட்டி.

இதே மாதிரி ஒண்டு கிடைக்கப்போகுது எண்டா முதல்ல எந்த நாட்டில இருந்து வருது எண்டு கேளுங்கோ. லண்டன் சாமான் பரவாயில்லை. அங்கயும் 230 வோல்ட், அங்கயும் பால் (PAL) எண்ட ரிவிப் பட முறை, அந்த மூண்டு சதுரப் பின் பிளக் இங்கத்தைய புதுச் சொக்கெட்டில நேராப் போகும். கனடாவில இருந்து வாறது 120 வோல்ட், என்டிஎஸ்சி எண்ட வேற பட முறை, அதுக்கு ட்ரான்ஸ்ஃபோமர் வாங்கிக் குடுத்தாலும் எங்கட பெட்டியில இருந்து வாற பால் படத்தை அது ஒழுங்கா எடுக்குமோ எண்டது வேற கதை. மாமாமாருக்கு மனம் நோகாமச் சொல்லி அங்கயே வைக்கச் சொல்லுறது நல்லம்.

ரெக்கோடருக்குப் பின்னால பாத்தா ஆன்டெனா வயர் குத்துற ஓட்டை இருக்கும். எல்லாரும் கேபிள் வயரை அதில தான் குத்தப் பாப்பினம், அத்தானும் அதைத் தான் சொன்னவர். அது சரிவராது. உள்ளுக்க இருக்கிற, சனல் பிடிக்கிற டிஜிட்டல் டியூனர் இங்கிலாந்து ஆன்டெனா ஒளிபரப்புக்குச் செய்தது, எங்கட கேபிள்ல வாறது வேற முறை, அதுவும் பூட்டிப்போட்டுத் தான் அனுப்புறாங்கள், அதைத் திறக்கிற காட் கேபிள் பெட்டிக்குள்ள தான் இருக்கு. சரி, பழைய அனலொக் டியூனராவது உதவுமோ எண்டா அதிலயும் ஒரு வில்லங்கம். இங்க ஒளிபரப்பில பட அலைக்கும் சத்த அலைக்கும் இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ், இங்கிலாந்தில 6. அதால படம் வடிவா வரும், சத்தம் வராது, வெறும் இரைச்சல் தான். பாக்கிறவை ஸ்பீக்கர் பழுது எண்டு நினைச்சு ரேடியோ திருத்துற கடைக்குத் தூக்கிக்கொண்டு போவினம், பாவம்.

ஆகவே அந்த டியூனரை மறந்திடுங்கோ. சனல் பிடிக்கிற வேலை முழுக்கக் கேபிள் பெட்டிக்கு, ரெக்கோடர் பெட்டி காட்டுறதைப் பாத்து எழுதுற கிளாக்கர் மட்டும் தான். இது விளங்கினா மிச்சம் எல்லாம் தானா விளங்கும்.

வயர் விசயம். எச்டிஎம்ஐ வயரைப் பெட்டியில இருந்து ரெக்கோடருக்குக் குத்தினா ஒண்டும் வராது, ஏனெண்டா ரெக்கோடரில இருக்கிற எச்டிஎம்ஐ ஓட்டை படம் வெளிய போறதுக்கு, உள்ள வாறதுக்கில்லை. ஏவி எண்டு சொல்லுற மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் தான் வழி. ஆனா லண்டன் சாமானுக்குப் பின்னால ஸ்கார்ட் எண்டு 21 பின்னோட அகலமான ஓட்டை ரெண்டு இருக்கும், எங்கட பெட்டியில அது இல்லை. இடையில போடுற அடப்டர் ஒண்டு வேணும், சென்ட்ரல் ரோட் பக்கம் கேட்டா கடைக்காரர் முகத்தை ஒரு மாதிரிப் பாக்கிறார், அதால சித்தப்பாவிட்டயே அதையும் சேர்த்துக் கொண்டு வரச் சொல்லுங்கோ. அந்த அடப்டர்ல நகத்தால தள்ளுற அளவில குட்டி சுவிட்ச் ஒண்டு இருக்கு, ஒரு பக்கம் இன், மற்றப் பக்கம் அவுட். இன்ல இருக்கோணும். அவுட்ல கிடந்தா எல்லாம் சரியாக் குத்தியிருந்தாலும் கறுப்புத் திரை தான், சாத்திரம் பாத்தாலும் காரணம் பிடிபடாது. முன் மூடிக்குள்ளயும் மூண்டு ஓட்டை இருக்கு, அதில அடப்டர் இல்லாமலே குத்தலாம், ஆனா வயர் முன்னால தொங்கும், அம்மா விட மாட்டா.

எங்கட பெட்டி ஏவியிலயும் எச்டிஎம்ஐயிலயும் ஒரே நேரத்தில படம் விடும், எல்லாப் பெட்டியும் அப்பிடி இல்லை, பாத்துக்கொள்ளோணும். அதால எச்டிஎம்ஐயை நேரா ரிவிக்கும், ஏவியை ரெக்கோடருக்கும் குடுத்தன். பாக்கேக்க எச்டி, பதியிறது மட்டும் பழைய தரம். நாடகத்துக்கு அது காணும், அழுறது அதிலயும் தெளிவாத் தெரியும். எஸ்பி எண்ட வழமையான பதிவுத் தரத்தில போட்டா ஹார்ட் டிஸ்க் கிட்டத்தட்ட 70 மணித்தியாலம் பிடிக்கும். எல்பி எண்ட குறைஞ்ச தரத்தில போட்டா அதைப் போல ரெண்டு மடங்கு, ஆனா ஆக்கள் ஓடி ஆடுற காட்சியில படம் கட்டம் கட்டமா உடையும்.

இப்ப அத்தானுக்கு வருவம். ஒரு பெட்டி ஒரு நேரத்தில ஒரு சனல் தான் காட்டும், அதால நாடகம் பதியேக்க பெட்டி நாடகத்தில தான் நிக்கோணும், ஆரும் ரிமோட்டை அமத்தினா அமத்தினது தான் பதியும். கூரையில இருக்கிற பழைய ஆன்டெனாவை ரிவிக்கு நேராக் குடுத்திருக்கிறன். இலங்கை ஆடுற மட்ச் உள்ளூர்ச் சனல்ல போற நாள்ல அத்தான் அதில பாப்பார், பெட்டி பின்னால தன்ட பாட்டுக்கு நாடகம் ஓட்டும், அம்மா விடியத் தேத்தண்ணியோட இருந்து பாப்பா. ஐபிஎல் காலத்தில இந்த ஒழுங்கு சரிவராது, அதுக்கு நான் பொறுப்பில்லை. பெட்டி ரிமோட்டை நாடக நேரத்தில அலுமாரிக்குள்ள வைக்கிறம்.

டைமர் போடேக்க ரெண்டு இடத்தில போடோணும். ரெக்கோடரில நேரமும், அடப்டர் குத்தின ஓட்டைட பேரான ஏவி ரெண்டு எண்டதும் குடுக்கோணும், பெட்டியில அதே நிகழ்ச்சிக்கு ரிமைண்டர் போட்டா நேரம் வர அதுவே சனலை மாத்தும். ரெக்கோடர்ட மணிக்கூடு தானா நேரம் எடுக்கப் பாக்கும், லண்டன் சிக்னல் இங்க எங்க இருக்கு, அதால ஓட்டோவை நிப்பாட்டிப்போட்டுக் கையால வைச்சன். பெட்டியில தானா நித்திரைக்குப் போற செற்றிங் ஒண்டு இருந்தா அதையும் நிப்பாட்டுங்கோ. கரண்ட் போய் வந்தா மணிக்கூடும் போயிடும், பெட்டியும் தொடக்கச் சனலுக்குப் போய் நிக்கும், நாடகத்துக்குப் பதிலா விளம்பரம் ஒரு மணித்தியாலம் பதிஞ்சிருக்கும். மாரியில இடி மின்னல் எண்டா டைமரைப் பாக்காம எல்லா வயரையும் கழட்டிறது, ஆன்டெனாவையும் சேர்த்து.

உப்புவெளிப் பக்கம், கடற்கரையோட இருக்கிறவைக்கு இன்னொண்டு. உப்புக்காத்துக்கு அந்த மஞ்சள் பின் கறுத்துப் போகும், படத்தில கோடு ஓடும் இல்லாட்டி நிறம் போய்ப் போய் வரும். ரெக்கோடரைத் திறக்காம முதல்ல வயரைக் கழட்டி, அந்தப் பின்னைப் பழைய துணியால இறுக்கித் துடைச்சு, ரெண்டு தரம் திருப்பித் திருப்பிக் குத்திப் பாருங்கோ. எங்கட வீட்டில அனேகமா அதோட சரியாகுது.